ரசிகனா இருக்கலாம், கூட்டத்துல உயிர விடக் கூடாது

எங்க ஊர் டீக்கடையில கட்சிச் சண்டைய விடப் பெரிய சண்டை ரெண்டு உண்டு. ஒண்ணு அஜித்தா விஜயா. இன்னொண்ணு தோனி இன்னும் ஆடணுமா, போதும்னு விலகணுமா. அறுபது வயசுக்காரரும் பதினாறு வயசுப் பையனும் ஒரே பெஞ்சுல சமமா உக்காந்து பேசுறது இந்த ரெண்டு விஷயம்தான். வரப்புத் தகராறுல ரெண்டு வருசமா மொகம் பாக்காதவங்க கூட மேட்ச் அன்னைக்கு "ஸ்கோர் என்னவே?"ன்னு கேட்டுப் பேசிருதாங்க. அதனால ரசிகன்னாலே வேலவெட்டி இல்லாதவன்னு பேசுறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. நானும் ரசிகன்தான்.

1983 ஜூன் 25-ல இந்தியா உலகக் கோப்பை ஜெயிச்சப்போ எங்க பக்கம் டிவி கெடையாது. பேப்பர் பாத்துத்தான் தெரியும். நாம எடுத்தது வெறும் 183. வெஸ்ட் இண்டீச 140-ல சுருட்டிட்டாங்க. ரெண்டு டீம்லயும் சேத்து அதிக ரன் நம்ம சென்னை ஸ்ரீகாந்த் எடுத்த 38. அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் ஓட்டுனோம். மழை பொய்க்கும், நெல்லு வெலை இறங்கும். அதுக்கு நடுவுல யாரோ ஒருத்தன் ஜெயிச்சா நாமளே ஜெயிச்ச மாதிரி ஒரு நாள் கெடைக்கு. அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

நம்ம ஊர்ல சினிமாவும் கிரிக்கெட்டும் தனித்தனி இல்ல. 2001-ல தீனா படத்துலேர்ந்து அஜித்துக்குத் 'தல'ன்னு பேர் வந்துச்சு. அதே பேரத் தூக்கி ராஞ்சியில பொறந்த தோனிக்கும் வச்சோம். அந்தச் சென்னை டீம 2008-ல 9.1 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ். அந்தக் கம்பெனியோட மொத ஆலை எங்க இருக்கு? நம்ம தாழையூத்து சங்கர் நகர்ல. நம்ம மண்ணுல சுண்ணாம்புக்கல் வெட்டி 1949-ல ஆரம்பிச்சது. இப்போ டி.என்.பி.எல். மேட்ச் நடக்குற மைதானமும் அங்கதான் இருக்கு. அந்த மஞ்சள் சட்டையில நம்ம ஊர்த் தூசியும் கொஞ்சம் ஒட்டியிருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

இந்த நட்சத்திரங்களுக்கு எவ்வளவு பலம்னு ஒரு விவசாயியா நான் பாத்தது 2018-ல. காவிரி மேலாண்மை வாரியம் வேணும்னு டெல்டா விவசாயிங்க எத்தனையோ நாள் ரோட்டுல கெடந்தாங்க. ஏப்ரல்ல நடிகர்கள் வள்ளுவர் கோட்டத்துல உக்காந்தாங்க. சென்னை டீம்காரங்க கருப்பு பேட்ஜ் குத்திட்டு ஆடலாம்னு ரஜினி சொன்னாரு. ஏப்ரல் 10 மேட்ச்ல மைதானத்துக்குள்ள செருப்பு விழுந்துச்சு. மிச்ச சென்னை மேட்ச்ச எல்லாம் புனேக்கு மாத்துனாங்க. அப்போதான் வடக்க உள்ள டிவிக்காரங்களும் "காவிரின்னா என்ன?"ன்னு திரும்பிப் பாத்தாங்க. ஆணையம் வந்தது சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாலதான், மேட்ச்சால இல்ல. ஆனா பயிர் கருகுனா எட்டாத காதுக்கு மேட்ச் நின்னா எட்டுது. இது நமக்குப் பெருமையா அவமானமான்னு நீங்களே சொல்லுங்க.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாரேன்.

2024 டிசம்பர் 4. ஹைதராபாத்துல புஷ்பா 2 சிறப்புக் காட்சிக்கு அல்லு அர்ஜுன் வந்தாரு. நெரிசல்ல ஒரு தாய் செத்துப்போச்சு. 2025 ஜூன் 4. பெங்களூர் டீம் 18 வருசம் கழிச்சு மொத கோப்பை ஜெயிச்ச மறுநாள், சின்னசாமி மைதானத்துக்கு வெளிய 11 பேர். 2025 செப்டம்பர் 27. கரூர்ல விஜய் கூட்டத்துல 41 பேர், அதுல சின்னப் பிள்ளைகளும் உண்டு. மதியத்துலேர்ந்து காத்துக் கெடந்த சனம், அவர் வரும்போது ராத்திரி ஏழு மணி வாக்குல ஆயிட்டு.

யார் மேல குத்தம்னு விசாரிக்க கோர்ட்டு இருக்கு. ஏற்பாடு செஞ்சவங்களும் போலீசும் பதில் சொல்லணும். ஆனா அவங்க பதில் சொல்லி முடிக்கட்டும்னு நாம காத்துக்கிட்டு இருக்க முடியாது. அடுத்த கூட்டத்துக்குப் போறது நம்ம வீட்டுப் பையன்தான. வாய்க்கால் தாங்குற தண்ணியத்தான் மடையில தெறந்துவிடணும்னு நமக்குத் தெரியும். கூட்டத்துக்கும் அதே கணக்குதான். இடம் கொள்ளாதுன்னு தெரிஞ்சா திரும்பி வந்துறணும். கைக்குழந்தைய எந்த நடிகரையும் காட்டக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அவரு எங்கயும் போயிற மாட்டாரு, நாளைக்கு டிவியில வருவாரு.

பாலாபிஷேகமும் அப்படித்தான். நாலு மணிக்கு எழும்பி மாட்டுக்குத் தண்ணி காட்டி, பிண்ணாக்கு வச்சுப் பால் கறக்கிறவன் கண்ணு முன்னால கட் அவுட் மேல ஊத்துனா வயிறு எரியும். பிளெக்ஸ் மேல எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. படம் ஓடி முடிஞ்ச பெறகு அதை வாங்கிட்டு வந்து களத்துல விரிக்கலாம். மழை வந்தா நெல்ல மூடலாம். எங்க ஊர்ல எத்தனையோ ஹீரோ மொகத்து மேல உளுந்து காய்ஞ்சிருக்கு.

நடிகர்களே வேண்டாம்னு சொன்ன கதையும் இருக்கு. அஜித் 2011-ல தன்னோட ரசிகர் மன்றத்தக் கலைச்சாரு. 2021 டிசம்பர்ல 'தல'ன்னு கூப்பிடாதீங்கன்னாரு. 2024 டிசம்பர்ல 'கடவுளே'ன்னு கோஷம் போடாதீங்கன்னும் கேட்டாரு. அவரு சொன்னத யாரு கேட்டா? தலைவன் பேச்சையே கேக்காதவன் என்ன தொண்டன்?

இன்னொண்ணு கவனிங்க. தாமிரபரணி தண்ணி குடிச்சு வளந்த நம்ம மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல கபடியில தங்கம் வாங்குன டீம்ல ஆடுனவரு. அர்ஜுனா விருது வாங்குனவரு. 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜ் எடுத்த பைசன் வந்த பெறகுதான் பக்கத்து ஊர்ப் பையன்களுக்கே அவர் பேர் தெரியுது. அதுக்கு அந்தப் படத்துக்கு நன்றி சொல்லணும். ஆனா பக்கத்துல இருந்த தங்கம், துருவ் நடிச்சுக் காட்டுன பெறகுதான் நம்ம கண்ணுல பட்டிருக்கு.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனையும் பாருங்க. கூலித்தறி ஓட்டுன அப்பாவுக்கும், ரோட்டோரம் கோழிக்கறி வித்த அம்மாவுக்கும் பொறந்த பிள்ளை. 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு ஆடிட்டு வந்து, சொந்த ஊர்ல மைதானம் கட்டிக் கொடுத்தாரு. நம்ம ஊர் மன்றப் பையங்க ஒரு படத்துக்குப் பிளெக்சுக்கும் வெடிக்கும் பிரிக்கிற காசுல, பொறம்போக்குல முள்ளு வெட்டி ஒரு கபடித் தளம் போடலாம். ஹீரோ பேரையே அதுக்கு வைங்க, யார் வேண்டாம்னா?

விசில் அடிங்க மக்கா, மொத நாள் மொத ஷோ பாருங்க. தோனி அடிச்சா நானும் துள்ளத்தான் செய்வேன். ஆனா அவங்க ஒவ்வொருத்தருக்கும் கோடிக்கணக்குல ரசிகன் உண்டு. ஒங்க அம்மைக்கு இருக்கிறது நீங்க மட்டுந்தான்.