அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?

குழந்தை மேல் வெந்நீர் கொட்டிவிட்டது. மாடிப்படியிலிருந்து உருண்டுவிட்டது. பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டது. விபத்து எதுவாக இருந்தாலும் கேள்விப்படுபவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அம்மா என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?"

குழந்தை எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எந்த ஆஸ்பத்திரி என்பது மூன்றாவது. அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று அநேகமாக யாரும் கேட்பதே இல்லை!

அந்த முதல் கேள்விக்கு உண்மையான பதில் மிகவும் சாதாரணமானது. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறக்கப் போனாள். சரியாக அந்தச் சில நொடிகளில்தான் தவழும் குழந்தை ரசச் சட்டியை எட்டிப் பிடித்திருக்கும். தவழும் குழந்தையை நாள் முழுவதும் கண் இமைக்காமல் பார்க்க எந்த மனிதராலும் முடியாது. இதுவரை விபத்து நடக்காத வீடுகளில் அம்மாக்கள் அதிகக் கவனமாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. அங்கேயும் அதே நொடிகள் வந்துதான் போயின. சட்டி கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

ஊர் கேட்கும் கேள்வியை அந்தத் தாய் ஏற்கெனவே ஆயிரம் முறை தன்னையே கேட்டிருப்பாள். "ஒரு நிமிஷம் முன்னாடி திரும்பியிருந்தா...." என்ற நினைப்பு அவளைத் தூங்க விடாது. இந்த மனநிலையோடுதான் அவள் சிகிச்சை முழுவதையும் தாங்க வேண்டும். பெரிய தீக்காயம் ஒரு வாரத்தில் ஆறிப்போகும் விஷயம் அல்ல. கட்டு மாற்றும்போதெல்லாம் அலறும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலருக்குத் தோல் மாற்று அறுவை சிகிச்சை, அதன் பிறகு மாதக்கணக்கில் இறுக்கமான அழுத்த உடை, உடற்பயிற்சி என்று நீளும். குழந்தை வளரும், ஆனால் தழும்புத் தோல் அந்த அளவுக்கு விரியாது. அதனால் சில குழந்தைகளுக்கு வருடங்கள் கழித்து மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படும். இப்படிப்பட்ட விபத்துக்குப் பிறகு குழந்தைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் கடுமையான மன அதிர்ச்சி நீடிக்கிறது என்பதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வார்டில் கட்டில் குழந்தைக்கு மட்டும்தான். காயம் இரண்டு பேருக்கு.

2024இல் சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் தவறி விழுந்த ஒரு கைக்குழந்தை கீழே இருந்த கூரைத் தகட்டில் தங்கி நின்றது. அக்கம்பக்கத்தினர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. குழந்தை பிழைத்ததைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அந்தத் தாயை ஏசினார்கள். சில வாரங்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்தின் காரணங்களை வெளியில் இருந்து யாரும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வார்த்தைகளால் அந்தக் குழந்தைக்கு ஒரு துளி நன்மையும் கிடைக்கவில்லை என்பதை நிச்சயமாகச் சொல்லலாம்.

"கேட்டால்தானே அடுத்த முறை ஜாக்கிரதையாக இருப்பாள்?" என்று சிலர் வாதிடலாம். உண்மையில் பழிச்சொல் பயத்தைத்தான் வளர்க்கிறது. பயம் வந்தால் உண்மை மறைக்கப்படும். குழந்தை எதைக் குடித்தது, எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதெல்லாம் டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும். மாமியாருக்குப் பயந்தோ கணவருக்குப் பயந்தோ அதை மாற்றிச் சொன்னால் பாதிக்கப்படுவது குழந்தைதான். வேண்டுமென்றே குழந்தையைத் துன்புறுத்துவது வேறு விஷயம். அதை விசாரிக்க டாக்டர்களும் போலீசும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நீதிபதி ஆக வேண்டியதில்லை.

குற்றவாளியைத் தேடும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. வெந்நீரோ குழம்போ கொட்டினால் காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். ஐஸ் கூடாது. பேனா மை, டூத் பேஸ்ட், இட்லி மாவு எதுவும் கூடாது. ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். 108ஐ அழைக்க வேண்டும். இவை தெரிந்த ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரர், கேள்வி கேட்கும் பத்துப் பேரைவிட மேல்.

அப்படியானால் விபத்தைத் தடுப்பது எப்படி? அதற்கு நியூயார்க் நகரம் ஒரு நல்ல உதாரணம். அங்கே குழந்தைகள் மாடி ஜன்னல்களிலிருந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். பெற்றோரை எச்சரிப்பதோடு நகரச் சுகாதாரத் துறை நின்றுவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தது. 1976இல் சிறு குழந்தைகள் வாழும் வாடகைக் குடியிருப்புகளில் அந்தக் கம்பிகளைப் பொருத்துவது கட்டிட உரிமையாளரின் கடமை என்று சட்டமே வந்தது. விழும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதே நகரத்தில் 1991இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 4 வயது மகன் 53ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். அந்தத் துயரத்தில் பிறந்த பாடலைக் கேட்டு உலகமே அழுதது. பணமும் புகழும் இருந்த வீட்டில்கூட ஒரு திறந்த ஜன்னல் போதுமானதாக இருந்தது!

ஆகவே விசாரிக்க வேண்டியது வீட்டை. அடுப்பு தரையில் இருக்கிறதா, மேடையில் இருக்கிறதா? பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையுமா? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? குளியலுக்கு விளாவும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் விழுகிறதா, வெந்நீர் விழுகிறதா? மண்ணெண்ணெயும் ஆசிட்டும் பழைய குளிர்பான பாட்டிலில் இருக்கின்றனவா? கவனம் மனிதருக்குத் தளர்ந்து போகும். கம்பியும் மூடியும் தளர்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் எங்காவது ஒரு வீட்டில் விபத்து நடக்கத்தான் செய்யும். அப்போது அந்தத் தாயிடமும் தந்தையிடமும் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. "சாப்பிட்டியாம்மா?" "இன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில நான் இருக்கட்டுமா? நீ கொஞ்சம் தூங்கு." "பெரியவளை ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்." மாதங்கள் கழித்தும் அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லலாம். அது இலவசம்.

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடலாம். அதை அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.