அறளை அல்ல, நோய்

"அம்மாவுக்கு அறளை பேர்ந்திட்டுது டொக்டர். வயசு போனால் அப்படித்தானே?" என்று சொல்லியபடி ஒரு மகன் தாயாரை என்னிடம் அழைத்து வந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் அந்த அம்மாவுக்கு வேறோர் இடத்தில் ஞாபகசக்திப் பரிசோதனை செய்திருந்தார்கள். மொழிபெயர்த்தவர் மகன். அம்மா தடுமாறிய இடங்களில் அவரே பதிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலச் சொல் ஒன்றைத் தலைகீழாக எழுத்துக்கூட்டும் கேள்வியை, "அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது" என்று தாண்டிவிட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. பிறகு ஒருநாள் அணைக்க மறந்த அடுப்பால் குசினியில் தீப்பிடித்தது.

மகனை நான் குறைசொல்ல மாட்டேன். தாயின் மானத்தைக் காக்கத்தான் அவர் நினைத்தார். ஆனால் இழந்த இரண்டு வருடங்கள் திரும்பி வராது.

இன்று அவுஸ்திரேலியாவில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முதுமை மறதி நோயுடன் வாழ்கிறார்கள். 2014-15 வரவு செலவுத் திட்டத்தில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு ஐந்து வருடங்களுக்கு 200 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணைக்குழு 2021-இல் அறிக்கை தந்தது. 2024-இல் பத்தாண்டுத் தேசியத் திட்டம் ஒன்றும் வெளியாகியது. இவை வரவேற்க வேண்டியவையே. ஆனால் நோய் என்று பதிவாகாத ஒருவருக்கு இந்த நிதியில் என்ன பங்கு?

புதிய மருந்துகளுக்குப் பணம் வேண்டும்தான். ஆனால் 2025-இல் இங்கு அனுமதி பெற்ற டொனனெமப் மருந்து, அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. பிந்திக் கண்டுபிடிக்கப்படும் எங்கள் பெற்றோருக்கு அந்தக் கதவு முன்பே மூடிவிடுகிறது.

ஆகவே மொழி தாண்டிய ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும். அது இயலாத காரியமல்ல. தென்மேற்குச் சிட்னியில் உருவாகி 2004-இல் வெளியான 'ருடாஸ்' பரிசோதனை, பல மொழி பேசும் முதியோருக்கென்றே அமைந்தது. வாங்கவேண்டிய சாமான்களை நினைவில் வைத்துச் சொல்வது, தெருவை எப்படிக் கடப்பீர்கள் என்பது போன்றவை அதில் உண்டு. எங்கள் ஆச்சிமாருக்கும் விளங்கும் கேள்விகள் அவை.

தமிழ் தெரிந்த பராமரிப்பாளர்களைப் பயிற்றவும் பணம் வேண்டும். இந்நோயில் பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுவதுண்டு. 1995 இடப்பெயர்வைக் கண்ட ஒரு முதியவர் இரவில் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று விளங்கிக்கொள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டாமா? தூக்கமருந்து அதற்குப் பதிலாகாது.

இவற்றை எங்கள் சங்கங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கேட்கவேண்டும். 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் அதிகம். எங்கள் குரல் சிறிய குரல் அல்ல.

வீட்டிலும் செய்யவேண்டியவை உண்டு. 75 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிக்கெயர் வருடாந்த உடல்நல மதிப்பீடு வழங்குகிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மெடிக்கெயர் சேவைக்காக வைத்தியர் இச்சேவையை அழைத்தால் உங்களுக்குச் செலவில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், காது கேளாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். இவை இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

முக்கியமாக, அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லட்டும். அவர் பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை. அந்தப் பிழைதான் வைத்தியருக்கு வேண்டிய தகவல்.