உறுமி அடித்தவர் பெயர் எங்கே?

2006-ல் அமெரிக்கா போக விசா சிக்கலில் மாட்டிய லண்டன் தமிழ்ப் பெண் ஒருவர், தன் இரண்டாவது இசை ஆல்பத்தைப் பதிவு செய்ய நாடு நாடாகக் கிளம்பினார். டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று நீண்ட அந்தப் பயணத்தில் சென்னையும் இருந்தது. ஏ.ஆர்.ரகுமான் தன் ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார். வெளியிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகத் தேடும் சிதாரையும் தபலாவையும் அந்தப் பெண் தேடவில்லை. உறுமி மேளக்காரர்களை வரவழைத்தார்.

மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் என்பது அவர் பெயர். உலகம் எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்கு நடுவே வளர்ந்து, 1986-ல் அகதியாக மறுபடி லண்டன் திரும்பியவர். அப்பா அருளர், ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். துணி தைத்துப் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர் அம்மா கலா. 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்றும் 2007-ல் வந்ததற்குக் ‘கலா’ என்றும் பெயர் வைத்தார் மகள்.

முறையாக இசை கற்றவர் அல்ல மாயா. ஓவியமும் திரைப்படமும் படித்தவர். பீச்சஸ் என்ற கனடா நாட்டுப் பாடகி, ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னணுப் பெட்டியை அவருக்கு அறிமுகம் செய்தார். தாளமும் சின்தசைசர் ஒலியும் ஒன்றாகக் கிடைக்கும் கருவி அது. அதை வைத்துக்கொண்டு படுக்கையறையிலேயே பாட்டுக் கட்டத் தொடங்கினார். ‘அருளர்’ பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது.

அந்த ஆல்பத்திலேயே பிரேசிலும் உண்டு. ‘பக்கி டன் கன்’ என்ற பாட்டு, டெய்சி டிக்ரோனா பாடிய ‘இன்ஜெசாவ்’ என்ற பாட்டின் மேல் கட்டப்பட்டது. ரியோ டி ஜெனிரோவின் ஏழைக் குடியிருப்பான சிடாடி டி டியூஸைச் சேர்ந்தவர் டெய்சி. வீட்டு வேலை செய்து பிழைத்தவர். ரியோவின் குடிசைப் பகுதிகளில் மலிவான மின்னணுக் கருவிகளையும் பெரிய ஸ்பீக்கர்களையும் நம்பி வளர்ந்த ஃபங்க் இசை, ஒரு லண்டன் தமிழ்ப் பெண்ணின் குரல் வழியே உலகத்தின் காதுக்குப் போனது. பாட்டு பயணம் போகிற வேகத்தில் அதைப் பாடியவரின் பெயர் போவதில்லை. ‘பக்கி டன் கன்’ கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேர் டெய்சியின் பெயரை அறிந்திருப்பார்கள்?

அதே கேள்விதான் உறுமிக்கும்.

‘கலா’ ஆல்பத்தில் ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ இரண்டையும் கேட்டால், தென் தமிழ்நாட்டுக்காரருக்கு முதல் சில நொடிகளிலேயே உடம்பு சிலிர்க்கும். ராதாபுரம், வள்ளியூர், பணகுடிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் எழும் அந்தச் சத்தத்தை மின்னணுத் தாளத்தோடு மோதவிட்டிருக்கிறார் மாயா. உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் கிளம்பும் அடிவயிற்றுக் குரலை எந்தப் பெட்டியும் தானாக உண்டாக்கிவிடாது. வாசிக்கிறவரின் மணிக்கட்டில் இருக்கிறது அது. அதை மாயா மெருகேற்றவில்லை, பின்னணிக்குத் தள்ளவும் இல்லை. முன்னால் நிறுத்தி, அதற்கு ஈடு கொடுத்துத் தன் குரலை உயர்த்துகிறார். ‘கலா’ ஆங்கிலத்தில் பாடப்பட்டிருந்தாலும் தமிழர்கள் தங்கள் இசை வரலாற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஆல்பம் என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும். ‘பாம்பூ பாங்கா’ பாட்டில் இளையராஜாவின் ‘தளபதி’ படப் பாட்டு ஒலிப்பது கூடுதல் மகிழ்ச்சி.

அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் 2007-ன் தலைசிறந்த ஆல்பமாகக் ‘கலா’வைத் தேர்ந்தெடுத்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டு 2008-ல் பில்போர்டு வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் வந்தது, கிராமி பரிந்துரையும் பெற்றது.

உறுமி இப்படி உலகம் சுற்ற, நம் ஊர்க் கொடைகளில் இன்று செண்டை மேளமும் டிஜேவும் நுழைந்துவிட்டன. மின்னணு இசை வந்து நம் மேளத்தை அழிக்கிறது என்ற வருத்தம் ஊரில் பரவலாக இருக்கிறது. வருத்தம் நியாயமானது. ஆனால் பழியை இயந்திரத்தின் மேல் போடுவது சரியல்ல. பெட்டியும் உறுமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிக்க முடியும் என்று ‘கலா’ காட்டிவிட்டது. மேளக்காரரை நிஜமாக வாட்டுவது பெயரில்லாமை. ஸ்டுடியோவுக்கு ஒருநாள் அழைத்து, சம்பளம் கொடுத்து அனுப்பிய பின், அன்று பதிவான உறுமி ஓசையை வெட்டி ஒட்டி எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். வாசித்தவர் யாரென்று எங்கும் எழுதியிருக்கவில்லை என்றால், அது தன் வாசிப்புதான் என்று அவரே சொன்னாலும் யார் நம்புவார்?

இதில் சட்டமும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், இசைக் கலைஞர்களின் வாசிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி பெறும் உரிமையை அவர்களுக்கும் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் வேறெங்கும் அவர் பெயர் போடப்படாவிட்டால், அவர் பெரும்பாலான உரிமைகளுக்குக் கலைஞராகவே கருதப்பட மாட்டார். நம் சினிமாவில் குத்துப்பாட்டுக்கு மேளம் வாசித்த எத்தனை பேரின் பெயர் டைட்டிலில் ஓடியிருக்கிறது? பெயர் போடுவதை மரியாதையாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பணம், அது வழக்காடும் தகுதி.

பெயர் தெரிந்தவர்களுக்கே இந்தப் பாடு இருக்கிறது. ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021-ல் உலகம் முழுக்கப் பரவியபோது, அதை எழுதிப் பாடிய அறிவு ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அது பேச்சானது. அறிவுக்காகக் கேட்க ஒரு இரஞ்சித் இருந்தார். உறுமிக்காரருக்காக யார் கேட்பார்கள்?

டெய்சி டிக்ரோனா பின்னாளில் ரியோவில் தெருக் கூட்டும் வேலையும் பார்த்தார். 2022-ல் திரும்பி வந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ‘நான்தான் செய்தேன்’ என்பது அதன் தலைப்பு. அப்படிச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு நம் மேளக்காரர்களுக்கும் வேண்டும். பாட்டுச் செயலிகளில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைக் காட்ட இடம் இருக்கிறது. வாசித்தவர்கள் பெயரையும் இசை நிறுவனங்கள் கேட்டு வாங்கி அங்கே ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர்கள் டைட்டிலில் இன்னும் சில வரிகள் கூட்டுவதால் செலவு ஏறிவிடாது.

ஊர்க் கமிட்டிகளுக்கும் பொறுப்பு உண்டு. கொடை நோட்டீஸில் நன்கொடையாளர் பெயர்கள் ஊர், தொழில், பட்டத்தோடு பக்கம் பக்கமாக வருகின்றன. வில்லிசைப் புலவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மேளம் மட்டும் பெரும்பாலும் ‘நையாண்டி மேளம்’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அடுத்த கொடைக்கு அச்சகத்துக்குப் போகும் முன், மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கும்போதே நாதஸ்வரம் முதல் உறுமி வரை ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.