கொழுந்துக் கூடையும் கைக்குழந்தையும்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பர் பெரியோர். பால்குடி மறவாத மதலைக்கு இம்முதுமொழி பொருந்துமா? அதன் பசி தீர்வதும் தாயால். அதன் பாலைத் தாங்கித் தவிப்பவளும் தாயே.

அண்மையில் பசறைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். முற்பகல் பத்து மணி. பிள்ளைக் காம்பராவில் மூன்று மாதக் குழந்தையொன்று வீரிட்டு அழுதது. அதைத் தோளிற் சாய்த்தவாறு மேல்மலையையே நோக்கி நின்றார் ஆயா.

"தாய் வரமாட்டாளா?" என்றோம்.

"வர ஆசைதான் ஐயா. இறங்கி ஏறினால் கொழுந்து குறையும், குறைந்தால் அரைப்பேர்" என்றார்.

சட்டம் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு இடைவேளைகளை அளிக்கிறது. பிள்ளைக் காம்பரா இருப்பின் ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையலாகாது. இல்லையேல் ஒரு மணி. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாளாகக் குறைந்திருந்த விடுமுறையும் 2018இல் 84 நாளாயிற்று. ஆயினும் பிரசவத்தின் பின் எஞ்சுவது 70 நாளே. உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது. எஞ்சிய மாதங்களை யார் காப்பது?

அந்த ஆயா காக்கிறார். கொழுந்து பறித்த தாயின் மகள் அவர். கைகளைக் கழுவிப் பாலைப் பீய்ச்சித் தூய கிண்ணத்தில் மூடி வைத்தால், மலைநாட்டுக் குளிரில் நான்கு மணி நேரம் கெடாது என்று தாய்மாருக்குக் கற்பிக்கிறார். புட்டியை விலக்கிக் கிண்ணத்தாலேயே புகட்டுகிறார். பாலூட்டும் பெண்களுக்குக் கிட்டமலையில் வேலை கொடுக்குமாறு கங்காணியிடம் வாதாடி, இருவருக்கு அதைப் பெற்றும் கொடுத்திருக்கிறார். அழுத குழந்தையின் தாய்க்கு இன்னும் கிட்டவில்லை.

சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, அதே 1939இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சீனிப்பாலை விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்று துணிந்து கூறினார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள், தம்மவருக்குத் தம்மவரே துணையாக வேண்டுமென்று, 2013 முதல் தாய்ப்பால் வாரமொன்றைத் தாமே நடத்துகின்றனர். தாயின் மொழியும் லயத்தின் வாழ்வும் அறிந்தவள் சொல்லும் சொல்லே தாயின் செவியில் ஏறும் என்பதை அவர்களும் கண்டிருக்கின்றனர்.

எம்மிடம் பயிலும் தோட்டத்து மாணவியரில் பலர் ஆசிரியத் தொழிலையே நாடுகின்றனர். மருத்துவமாதுப் பணியும் குழந்தைப் பராமரிப்பும் அதனினும் தாழ்ந்தவையல்ல. ஆனால் ஆயாவின் அறிவுக்கு முறையான பயிற்சியும், நிலையான பதவியும், தக்க ஊதியமும் வேண்டும். அன்பை மட்டும் கூலியாகக் கொடுத்து எத்தனை நாள் வேலை வாங்குவது?

நாம் விடைபெறும் வேளை, தாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கூடையை இறக்கவும் பொறுமையின்றிக் குழந்தையை வாங்கி அணைத்தாள். அழுகை அடங்கிற்று. அன்று அவளுக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்று கேட்க எமக்கு நா எழவில்லை. நம் கோப்பைத் தேநீரைப் பருகும்போதேனும் அதை நாம் கேட்டாக வேண்டும்.