குடல் தையலும் கிராம ஊழியரும்

குடலின் பழுதுற்ற பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சிய இரு முனைகளையும் தைத்து இணைத்த பின்னர், அவ்விணைப்பு விட்டுக் கசியுமானால் மலமும் கிருமிகளும் வயிற்றறையில் பரவி உயிருக்கே ஆபத்து விளையும். இக்கசிவைத் தடுப்பது முற்றிலும் சர்ஜனின் கைத்திறனைப் பொறுத்தது என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே.

கிழிந்த குடலின் விளிம்புகளைக் கறுப்பு எறும்புகளைக் கொண்டு கவ்வச் செய்யும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. 1826-ல் பிரெஞ்சு சர்ஜன் லம்பேர், குடலின் வெளிப்படலங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு தைக்கும் முறையை விளக்கினார். முனைகளுக்கு நல்ல இரத்த ஓட்டம் இருக்க வேண்டும், இணைப்பில் இழுப்பு இருத்தலாகாது என்பவை இன்று மாறாத விதிகள். ஆயினும் நூல் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கிறதேயன்றி ஒட்டவைப்பதில்லை, ஒட்டவைப்பது உடலே. முதற்சில நாட்களில் பழைய நார்ப்பொருள் கரைந்து, புதியது உண்டாகும் வரை இணைப்பு வலுக்குன்றி நிற்கும். புதிய நாருக்குப் புரதமும், இரத்தம் கொணரும் பிராணவாயுவும் வேண்டும். சத்துக்குறைவும், ரத்தசோகையும், பீடியும் கெடுப்பது இவ்விடத்திலேதான்.

கோயம்புத்தூருக்கு வடமேற்கே, இரு மாநிலங்கள் சந்திக்கும் ஆனைகட்டியை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு அப்பால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் அப்பகுதியில் சத்துக்குறைவோடு தொடர்புடைய சிசு மரணங்கள் 2013-ல் நாடறிந்த செய்தியாயின. அரிவாள் அணுச் சோகையும் அங்கு உண்டு.

டைபாய்டினால் குடல் துளைபட்டவருக்கு அவகாசமில்லை. அவரை அந்நேரமே அனுப்ப வேண்டும். ஆனால் கட்டிக்காக நாள் குறிக்கப்பட்டு ஊர் திரும்புபவருக்குச் சில வாரங்கள் கிடைக்கின்றன. இந்த வாரங்களை வீணாக்குவது நமது வழக்கமாயிருப்பது வருந்தத்தக்கது. அவற்றை ஊழியரின் பொறுப்பில் விட வேண்டும் என்பது என் கருத்து. இரத்தத்தைச் சோதிக்கச் செய்யலாம். மருத்துவர் தடை கூறாவிடில் ராகிக்களியோடு துவரையும் முட்டையும் சேரச் செய்யலாம். நான்கு வாரம் முன்பே பீடியை விடச் செய்யலாம். அரிவாள் அணு நோயுள்ளவரானால் அதைச் சர்ஜனுக்கு முன்கூட்டித் தெரிவிப்பது மிக முக்கியம். மருத்துவமனைச் சீட்டைப் படித்து வீட்டாருக்கு விளக்க ஆசிரியரைவிடத் தகுந்தவர் யார்? ஊழியருக்கு வேலை ஏற்கெனவே மிகுதி என்பர். மெய்தான், ஆனால் ஓர் ஊரில் இத்தகைய நோயாளிகள் மிகச் சிலரே.

கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாளையொட்டித் தோன்றும். வீடு திரும்பிய பின்னும் தோன்றக்கூடும். காய்ச்சல், விரைந்த நாடி, வயிறு உப்புதல், குறையாமல் ஏறும் வலி ஆகியவற்றைக் கண்டால், மாத்திரை கொடுத்து ஒருநாள் பார்ப்போம் என்று இருத்தலாகாது. கோயம்புத்தூரில் சிகிச்சை பெற்று எல்லை கடந்து அட்டப்பாடிக்குத் திரும்புபவரின் நிலை இன்னும் கடினம். சிகிச்சை நடந்த செய்தியே அவ்வூர் ஊழியருக்கு எட்டாதிருக்கலாம். வெளியேற்றச் சீட்டின் ஒரு பிரதி, எந்த மாநிலமாயினும், நோயாளியின் ஊர் ஊழியருக்கு அன்றே அனுப்பப்பட வேண்டும்.