கொல்லிமலையில் ஹம்மிங் பறவையா?

கோடை விடுமுறையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சென்று திரும்பும் பிள்ளைகளில் சிலர், “அங்கே ஹம்மிங் பறவையைப் பார்த்தோம்” என்று பெருமையுடன் கூறுவதுண்டு. கேட்கும் பெரியவர்களும் ஆமெனத் தலையசைத்து விடுகின்றனர். கொல்லிமலையில் மட்டுமன்று, இந்தியா முழுவதிலுமே இன்று ஹம்மிங் பறவை கிடையாது. ஏறத்தாழ 360 இனங்களைக் கொண்ட அக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. பிள்ளைகள் கண்டது நம் தேன்சிட்டு.

மலையின் காபித் தோட்டங்களில் மட்டுமின்றி, அடிவாரத்து வீடுகளின் செம்பருத்திச் செடிகளிலும் இதனைக் காணலாம். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாய் மின்னும். பருவம் முடிந்ததும் அவ்வாடையைக் களைந்து, மார்பின் நடுவே ஒற்றைக் கருங்கோடு மட்டும் தாங்கி நிற்கும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணோ ஆண்டு முழுவதும் நிறம் மாறுவதில்லை, வயிறு மஞ்சள். மூன்றாவதான லோட்டன் தேன்சிட்டு, அலகு மிக நீண்டு வளைந்தது. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயரை 1766ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்குச் சூட்டினார். நம் மண்ணின் பறவை அன்னியர் பெயரைச் சுமப்பது ஒரு வேடிக்கைதான்!

இரண்டு குடும்பங்களும் தேனுண்பதால் தோற்றத்தில் ஒத்துப் போயின, உறவினால் அன்று. ஹம்மிங் பறவை சிறகை அதிவேகமாக அடித்து அந்தரத்தில் நின்றே தேனருந்தும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டு சிறிது நேரம் அவ்வாறு நிற்க வல்லதாயினும், பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே அருந்தும். வகைப்பாட்டில் தேன்சிட்டு, காகமும் சிட்டுக்குருவியும் அடங்கிய பெருவரிசையைச் சேர்ந்தது. ஹம்மிங் பறவைக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவு யாரெனில், பனைமரங்களைச் சுற்றிப் பறந்தபடியே பூச்சி பிடிக்கும் உழவாரன் குருவி! ஜெர்மனியில் கிடைத்த 3 கோடி ஆண்டுப் பழைமையான ஹம்மிங் பறவைப் புதைபடிவம் 2004இல் விவரிக்கப்பட்டது. ஆக, முன்னொரு காலத்தில் அவை பழைய உலகிலும் இருந்துள்ளன.

பெயர் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்கப் பறவை என்று எண்ணுகிறவர், தம் வீட்டு முற்றத்தில் அதன் கூட்டைத் தேட மாட்டார். சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்து, பெண்பறவை தனியே கட்டும் தொங்கு பை அது; கொடிக்கம்பியிலும் மின்கம்பியிலும்கூடத் தொங்கும். பார்வைக்கு ஒட்டடை போலிருப்பதால் துடைப்பத்துக்கு இரையாகும் கூடுகள் பல. குஞ்சுகளுக்கு அது ஊட்டுவதோ தேனைவிடப் பூச்சியையும் சிலந்தியையுமே அதிகம். செம்பருத்திக்கு மருந்தடிக்கும் இல்லத்தரசிகள் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குஞ்சுகள் பறந்து போகும் வரை, அந்தக் கொடியில் துணி உலர்த்தாமல் விடுவது பெரிய சிரமமன்று.