உணரிக்கு முன் நிழல்

வீட்டுத் தானியங்கி அமைப்புக்கு வெளிப்புற வெப்ப உணரி தேடுவோர் முதலில் விசாரிப்பது துல்லியத்தை. டி.எஸ்.18பி20 போன்ற மலிவான உணரியே நம் ஊர் வெப்பநிலைகளில் 0.5 டிகிரிப் பிழைக்குள் சொல்லிவிடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அது எதன் வெப்பத்தைச் சொல்கிறது?

வெயில் படும் சுவரில் பொருத்திய உணரி காற்றை அளப்பதில்லை. சுவரையும் சூரியனையுமே அளக்கிறது. அந்தியில் காற்று குளிர்ந்த பின்னும் சுவர் தணிவதில்லை. 'வெளியே இன்னும் சூடு' என்று நம்பும் கருவி சன்னலைத் திறக்க மறுக்கும். உள்ளே புழுக்கத்தில் கிடப்பவர் முதியவராயின், அந்தத் தவறான எண் வெறும் எண்ணன்று.

இதற்கான விடையை 1860களிலேயே தந்தவர் ஸ்காட்லாந்தின் கலங்கரைவிளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' நாவலாசிரியரின் தந்தை. வெள்ளை பூசிய, காற்று நுழையும் சாய்சட்டங்கள் கொண்ட மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானி. வானிலை நிலையங்கள் இன்றும் அவ்வழி வந்த கூடுகளையே தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் நிறுத்துகின்றன.

எனவே விலையுயர்ந்த உணரியைத் தேடுமுன், நாள் முழுதும் நிழலும் காற்றோட்டமும் உள்ள ஓரிடத்தைத் தேடுவோம் என்பதே நம் கருத்து. நிழலின்றித் துல்லியம் இல்லை.